வேனுக்குக் கீழ்ப்பாதை இல்லை

துஷாந்தினியின் வேன் கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் நின்று அன்றோடு பதினோரு நாள்.

கொழுந்து நிறுக்க வரும் பெண்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் மடுவத்துக்குள் போகவேண்டும். முதலில் வேனைப் பார்ப்பார்கள். பிறகு அவளைப் பார்ப்பார்கள். பார்வை முகத்தில் நிற்காது, வயிற்றுக்கு இறங்கும். அவளும் பதிலுக்குப் பார்ப்பாள்.

வெள்ளை டொல்பின் வேன். குவைத்தில் இரண்டு தவணை வீட்டுவேலை செய்து திரும்பி வந்து வாங்கியது. கல்லுமலைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பதுளையில் உள்ள பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றிப் போய் இறக்கி, பின்னேரம் ஏற்றி வருவது அவள் தொழில். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டங்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பெண் அவள் ஒருத்திதான்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்கள் பள்ளத்தில் இருந்தன. மடுவத்திலிருந்து தொடங்குகிற ஏற்றத்தை ஏறி, மேட்டைத் தாண்டினால்தான் பதுளை. மேட்டில் ரோதமுனி இருந்தார். பழைய தேயிலைத் தொழிற்சாலையின் இரும்புச் சக்கரம் ஒன்று பாதி மண்ணுக்குள் புதைந்து நிற்கும். அதன் முன்னால் ஒரு சூலமும் எண்ணெய் பூசிய கல்லும். சக்கரம் வைத்தது, இஞ்சின் வைத்தது எல்லாவற்றுக்கும் அவர்தான் காவல். ஆகவே அவர் முன்னால் எந்த இஞ்சினும் இரையக்கூடாது. லொறி வந்தாலும் ட்ராக்டர் வந்தாலும் மேட்டில் சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு, சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போகும்.

இன்னொரு கட்டும் உண்டு. வீட்டுக்குத் தூரமான பெண்கள் முனியின் முன்னால் போகக்கூடாது. அவர்களுக்கென்று கீழ்ப்பாதை. மேட்டுக்கு முந்திய வளைவில் பிரிந்து, மானாப் புல்லுக்குள் இறங்கி, அந்தப் பக்கம் போய் ரோட்டில் ஏறும். மழைக்காலத்தில் அட்டை அப்பிக்கொள்ளும். யார் அந்தப் பாதையில் இறங்குகிறாள் என்பதைத் தோட்டம் முழுக்கப் பார்க்கலாம். வேனில் வரும் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகளும் அந்த நாள்களில் வளைவில் இறங்கி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து போய், அப்பால் ஏறுவார்கள். பையன்கள் ஜன்னலால் எட்டிப் பார்ப்பார்கள். துஷாந்தினி தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் அந்தப் பையன்களைப் பார்ப்பாள்.

வேனுக்குக் கீழ்ப்பாதை கிடையாது. ஓட்டுகிறவளுக்கும் கிடையாது.

வேன் நின்ற அந்தக் காலையில், ஏற்றத்தின் பாதியில், இஞ்சினுக்குள் யாரோ விசிலடித்தது போல் ஒரு சத்தம். பிறகு பின்னால் ரோடே தெரியாமல் நீலப் புகை. வேன் இழுக்காமல் நின்றது. பிள்ளைகளை இறக்கி மழையில் நனைய நனைய வீட்டுக்கு அனுப்பினாள். தோட்டத்து ட்ராக்டர் வந்து வேனைக் கீழே இழுத்துப் போய் மடுவத்தில் விட்டது. ட்ராக்டரைக் கேட்டு ஓடியவர் கோயில் தலைவர் முருகையாதான். அதையும் சொல்லவேண்டும்.

டர்போ போயிருந்தது. அது இஞ்சினுக்குக் கூடுதல் காற்றை அடைத்துக் கொடுக்கிற, நத்தைக் கூடு மாதிரியான இரும்பு. அது இல்லாமலும் வண்டி ஓடும். சமதரையில், ஆளில்லாமல். பிள்ளைகளோடு இந்த ஏற்றத்தில் ஏறாது.

தோட்டத்துக்கு டர்போ பற்றிக் கவலை இல்லை. வளைவில் இறங்கவேண்டும் என்று அன்று ஒரு பிள்ளையும் சொல்லியிருக்கவில்லை. அப்படியென்றால் முனி யார்மேல் கோபித்தார்? எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் பலவிதமாகக் கேட்டார்கள். அன்னைக்குத் தலைக்கு ஊத்திட்டுத்தான் வந்தியா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே? துஷாந்தினி ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. தூரம்தான் என்றால் குற்றவாளி. இல்லை என்றால் அடுத்ததாக வேனில் இருந்த பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். கேட்கட்டும், என் வாயில் தொடங்கவேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, மழை சற்று விட்டிருந்த நேரத்தில் ஷிபான் மோட்டார் சைக்கிளின் பின்னால் உரச்சாக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பதுளையில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருப்பவர். வேன் வாங்கிய நாளிலிருந்து அதைப் பார்ப்பவர் அவர்தான்.

"கிடைச்சுச்சா நானா?" என்றாள் துஷாந்தினி. அண்ணன் முறையில் அவரை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"கெடச்சிச்சு. நீங்க நெனச்சது இல்ல." சாக்கை அவிழ்த்தார். "டொல்பின்ட டர்போ கண்டிக்குப் போயும் இல்ல. கொழும்புல ஈக்கிண்டு சொல்றாங்க, வாரதுக்கு ஒரு மாசமாகும். டொலர் ஏறின நாள்ல இருந்து எல்லாம் இப்பிடித்தான். இது பலீல் ஹாஜியார்ட பழைய வண்டி யார்ட்ல கெடந்த டெலிகாட டர்போ."

"டெலிகா மிட்சுபிஷி ஆச்சே நானா. நம்மளது டொயோட்டா."

"இஞ்சினுக்குப் பேர் வாசிக்கத் தெரியாது தங்கச்சி. அதுக்குக் காத்து வேணும், அவ்வளவுதான்."

நிறுவைக்குக் காத்து நின்ற பெண்கள் கிட்டே வந்தார்கள். அவர்களில் வேலாயி வாய்க்காரி. கொழுந்துச் சாக்கைத் தலையிலிருந்து இறக்காமலே குனிந்து பார்த்தாள்.

"என்ன தம்பி, வேற வண்டிச் சாமானா? இது அதோட சேருமா?"

"சேர வைக்கணும் அக்கா."

"ஜாதகம் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஆணி போடுற ஓட்டை ஒண்ணுகூடப் பொருந்தல்ல. மத்ததெல்லாம் நல்ல பொருத்தம்."

"எனக்கும் என் வீட்டுக்காரனுக்கும் அதே பொருத்தம்தான். நாலு புள்ள பெத்துட்டோம்."

மடுவம் சிரித்தது. நிறுவை எழுதிக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளைகூட தலையைக் குனிந்துகொண்டார்.

ஷிபான் வேனுக்குள் ஏறி, முன் ஆசனத்தைத் தூக்கி, இஞ்சினைத் திறந்தார். டொல்பினில் இஞ்சின் முன் ஆசனத்துக்கு அடியில்தான் இருக்கும். பழைய டர்போவின் ஆணிகள் துருவேறி இறுகியிருந்தன. எண்ணெய் ஊற்றி, தட்டி, காத்திருந்து, மறுபடி தட்டினார். துஷாந்தினி எதிர்ப்பக்கத்திலிருந்து ஸ்பெனரைப் பிடித்துக்கொடுத்தாள். கடைசி ஆணி கழன்றபோது அவள் விரல்முட்டில் தோல் இல்லை.

ஷிபான் டர்போவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நடுத்தண்டைப் பிடித்து ஆட்டினார். ஆடாத பல் போல் இருக்கவேண்டியது லொடலொடவென்று ஆடியது. தண்டு முழுக்கக் கரி.

"இதப் பாருங்க. ஒயில் பொரிஞ்சு ஈக்கி."

"ஒயில் மாத்திக்கிட்டுத்தானே இருந்தோம்?"

"மாத்தினது சரி. இந்தச் சக்கரம் ஏத்தத்துல சுத்துற சுத்துக்கு ஒரு பக்கம் நெருப்பாகி செவந்து போகும். நடுவால ஒயில் ஓடிக்கிட்டு ஈந்தாத்தான் தாங்கும். இஞ்சின நிப்பாட்டினா ஒயிலும் நிண்டுரும். சூடு ஒடனே போகாதே. நிண்ட ஒயில் நிண்ட எடத்துலயே கருகும். ஒரு நாள்ல இல்ல, தெனம் கொஞ்சம் கொஞ்சமா." அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஏத்தம் ஏறின கையோட எங்கயாச்சும் நிப்பாட்டுறீங்களா?"

துஷாந்தினி மேட்டைப் பார்த்தாள். மூடுபனியில் சூலம் தெரியவில்லை. ஆண்கள் முனிக்கு நேராக வந்துதான் சாவியைத் திருப்புவார்கள். ஒரு பொம்பளையின் வண்டி முனி முன்னால் இரைந்தது என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாதே என்று, அவள் உச்சிக்கு முன்னால் ரோடு சமன்படுகிற இடத்திலேயே திருப்பிவிடுவாள். மிச்சத்தை உருட்டிக்கொண்டு போவாள். ஒரு நாள் தவறியதில்லை. தோட்டத்தில் அவளளவுக்கு மரியாதை செய்த டிரைவர் இல்லை.

"நிப்பாட்டுவேன் நானா," என்றாள். "எல்லாருக்கும் முந்தி நிப்பாட்டுவேன்."

வேலாயி சாக்கை இறக்கினாள். "அப்ப என்ன, முனிக்கு மரியாதை பண்ணித்தான் வண்டி போச்சுங்கிறியா தம்பி?"

"நான் முனியப் பத்திப் பேசல்ல அக்கா. ஒயிலப் பத்திப் பேசுறேன்."

"இங்க ரெண்டும் ஒண்ணுதான். பாத்துப் பேசு." பிறகு குரலைத் தாழ்த்தி, துஷாந்தினியிடம் மட்டும் சொன்னாள். "எனக்கென்னமோ நல்லாத்தான் இருக்கு. மாசாமாசம் அந்தப் புல்லுக்குள்ள அட்டைக்கு ரத்தம் குடுத்துக்கிட்டு ஏறுறோம். முனிக்கு ஆகாத ரத்தம் அட்டைக்கு ஆகுது."

பேச்சு அன்று பொழுது சாயும் முன்பே முருகையாவின் காதுக்குப் போய்விட்டது. குடையை மடக்கிக்கொண்டு அவர் வந்தபோது, துஷாந்தினியின் மாமியார் பெரியாயி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். வாசல் இஸ்தோப்பில் பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணியும், ரொட்டியும், கட்டச்சம்பலும் வந்தன. முருகையா ரொட்டியைப் பிய்த்தார், சாப்பிடவில்லை. வயசாளி, கோயிலுக்கும் தலைவர், அவருடைய பேத்தி தனுஜா இந்த வேனில்தான் போய் வந்தாள். இந்த மாதக் கடைசியில் அவளுக்கு உயர்தரப் பரீட்சை. பதினோரு நாளாக அதிகாலையில் எழும்பி மேடு தாண்டி நடந்து போய் பஸ் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பெரியாயி," என்றார். "சாமி குத்தம்னு நான் சொல்லல. ஊரு சொல்லுது."

"ஊருன்னா யாரு தலைவரே?" என்று துஷாந்தினி கேட்டாள்.

அவர் யோசித்தார். "நானும்தான்," என்றார்.

அந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் கோபம் குறைந்தது.

"பெரியாயி, உன் மருமககிட்ட கேட்டுச் சொல்லு. ஒத்த வார்த்தைதான். அன்னைக்கு சுத்தமா இருந்துச்சா, இல்லையா? இல்லைன்னா ஒண்ணும் தலை போயிராது. ஒரு சேவல அறுத்து, முனிய சமாதானம் பண்ணிருவோம்."

பெரியாயி திரும்பினாள். "அடியே, தலைவர் கேக்குறாரு."

"எனக்குக் காது கேக்குது மாமி. வண்டி ஏன் நின்னுச்சுன்னு கேட்டா சொல்றேன்னு சொல்லுங்க."

"வண்டி ஏன் நின்னுச்சுன்னு கேட்டா…"

"எனக்கும் கேக்குது பெரியாயி," என்றார் முருகையா. "ஒயில் கருகினதா ஊரெல்லாம் பேச்சு. முனி முன்னால நிப்பாட்டினதுதான் தப்புன்னு அந்த மெக்கானிக் சொன்னானாமே."

"முனிய யாரும் குத்தம் சொல்லல. சாவியத்தான் சொல்றோம். ஏத்தம் ஏறின ஒடனே திருப்பக்கூடாது. சூடம் எரிஞ்சு அணையிற வரைக்கும் இஞ்சின் சும்மா ஓடட்டும். பொறகு நிப்பாட்டுறேன்."

"முனி முன்னால இஞ்சின் இரையிறதா? எங்க அப்பா காலத்துல இருந்து நடக்காத காரியம்."

"உங்க அப்பா காலத்துல டர்போ இல்ல தலைவரே."

பெரியாயி தலையில் கையை வைத்தாள். முருகையாவுக்குச் சிரிப்பு வந்தது போலிருந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"சரி. சாமான் போட்டு முடிச்சிருங்க. திங்கக்கிழமை காலையில, ராகு காலத்துக்கு முந்தி, கோயில் கமிட்டி ஆளுங்களோட நானும் ஏறுறேன். புள்ளைங்க வேணாம். மேட்டைத் தாண்டிருச்சுன்னா நீயே ஓட்டு. நின்னுருச்சுன்னா, நம்ம ஜெயகுமார் ஓட்டட்டும். என் தம்பி மகன்னு சொல்லல, லொறி ஓட்டினவன். வண்டி உன்னுது, வாடகை உனக்கு வந்துரும். ஸ்டியரிங்குல மட்டும் நீ உக்காரக்கூடாது. அதுக்குச் சம்மதமா?"

"சம்மதம். ஆனா நான் மேட்டுல ஒடனே நிப்பாட்டமாட்டேன்."

"நீ திருப்பலன்னா நான் திருப்புவேன்."

"திருப்புங்க. அடுத்த டர்போவ நீங்கதான் தேடணும்."

அவர் போன பிறகு பெரியாயி ரொட்டித் தட்டை எடுத்தாள். "மனுசன் கைய வச்சுட்டு திங்காமப் போறாரு. உன் வாய்க்குப் பயந்து." அடுப்படியிலிருந்து பிறகும் குரல் வந்தது. "குவைத்துக்குப் போறதுக்கு முந்தி ஒழுங்காத்தானே ஒதுங்கி உக்காந்துக்கிட்டிருந்த. வந்ததுல இருந்து எது எப்பன்னு எனக்கே தெரியிறதில்ல. ஒரே காம்பராவுல இருக்கோம். நான் யார்கிட்டப் போயி என்னத்தச் சொல்ல?"

"தெரியாதுன்னு சொல்லுங்க மாமி. உண்மை அதுதானே."

கொழும்பில் பலசரக்குக் கடையில் வேலை செய்யும் கணவன் நிஷாந்த் தொலைபேசியில் கூப்பிட்டான். விஷயம் அங்கேயும் போயிருந்தது.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன். உண்மையா பொய்யான்னு எவன் வந்து பாக்கப் போறான்?"

"நீங்களும் உண்மையா பொய்யான்னுதான் கேக்குறீங்க."

"நான் அப்பிடிக் கேக்கல." பின்னால் யாரோ பருப்புக்கு விலை கேட்டார்கள். "அப்பிடித்தான் கேட்டேன் போல. விடு. டர்போ சேருமா?"

"சேர வைக்கணும்," என்றாள்.

சனிக்கிழமை ஷிபான் பதுளையில் ஒரு லேத்தில் தடித்த இரும்புத் தகடொன்றை வெட்டுவித்துக்கொண்டு வந்தார். இஞ்சினின் புகை வெளிவரும் மெனிபோல்டின் ஓட்டைகள் ஒரு வரிசை, புது டர்போவின் ஓட்டைகள் இன்னொரு வரிசை, இரண்டும் ஒரே தகட்டில். முதலில் தகடு இஞ்சினோடு, பிறகு டர்போ தகட்டோடு. கேட்பதற்குச் சுலபம். தகட்டின் தடிப்பளவுக்கு டர்போ உயர்ந்துவிட்டது. உயர்ந்ததால் காற்றுக் குழாய் எட்டவில்லை. நத்தைக் கூட்டைச் சுற்றியிருந்த வளையத்தைத் தளர்த்தி, வாய் இந்தப் பக்கம் பார்க்கிற மாதிரித் திருப்பினார்கள். காற்றுக் குழாய் எட்டியது. சைலன்சர் குழாய் முட்டியது. அதை அறுத்து, கோணம் மாற்றி, வெல்டிங் செய்து பிடித்தார்கள். மழை வந்தபோது வேனுக்கும் மடுவத்துக் கூரைக்கும் இடையில் தார்ப்பாயொன்றைக் கட்டி, அதன் கீழே வேலை செய்தார்கள். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கோணியது. ஷிபான் ஒவ்வொரு தடவையும் "சரி, இதுக்கு ஒரு வழி பாப்பம்" என்பார். சலித்துக்கொள்ளமாட்டார். துஷாந்தினிக்கு அது பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இஞ்சினை ஸ்டார்ட் செய்தார்கள். மலையில் வேலை இல்லாத நாள். லயத்து ஆட்கள் பாதிப்பேர் சுற்றி நின்றார்கள். முதலில் நல்ல சத்தம். ஷிபான் மெதுவாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். ஒரு நிமிடம் போயிருக்காது, பின்னாலிருந்து நீலப் புகை கிளம்பி மடுவத்துக்குள் நிறைந்தது.

ஒரு கிழவர் மேட்டுப் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். ஜெயகுமாரும் வந்திருந்தான். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணி, நாளைக்கு நான் எத்தன மணிக்கு வரட்டும்?" என்றான்.

"நீ தூங்கு," என்றாள்.

இஞ்சினை நிறுத்தினார்கள். ஷிபான் தரையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். முகம் முழுக்க ஒயில் ஆனது. துஷாந்தினி டோர்ச்சை எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் படுத்தாள். ஈர மண். வயிற்றுக்குக் கீழே இழுத்துப் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளிச்சத்தை மேலே அடித்தாள். ஒயில் திரும்பி வரும் ஹோஸ் டர்போவிலிருந்து இறங்கி, நடுவில் தொய்ந்து, கடைசியில் கொஞ்சம் மேலேறிப் போனது.

"நானா, ஒயில் திரும்பி வாரப்ப அழுத்தம் இருக்குமா?"

"இல்ல. தானா வழிஞ்சுதான் எறங்கணும்."

"அப்ப இங்க மேல ஏறுது."

ஷிபானும் பக்கத்தில் வந்து படுத்தார். "டர்போவ உசத்தினோம். இத மறந்துட்டோம்," என்றார். "தேங்கின ஒயில் சைலன்சருக்குள்ள போய் எரியுது. டர்போ நல்லம். என்ட மூளைதான் ஓட்டை."

ஹோஸை வெட்டி எறிந்தார்கள். நேராக இறங்குகிற குழாயொன்றை வெல்டிங் செய்து போட்டார்கள். பெரியாயி தேத்தண்ணிப் போத்தலோடு வந்தாள். வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்த மருமகளைப் பார்த்து, "என்னடி முகம் வெளுத்துப்போய் இருக்கு?" என்றாள்.

"ஒயில் நாத்தம் மாமி."

மறுபடி ஸ்டார்ட் செய்தபோது சைலன்சரில் மிச்சமிருந்தது எரிந்து, புகை முதலில் வந்தது, பிறகு மெலிந்தது, பிறகு இல்லை. கால் வைத்து அழுத்தினால் முன்பு கேளாத ஒரு சீழ்க்கை கேட்டது. பழைய டர்போவின் குரலில்லை. புகை நின்றதை யாரும் கும்பிடவில்லை. வேலாயி மட்டும் வேனின் பக்கத்தில் கையால் தட்டி, "ஏறிருவ," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை விடியலில் மழை இல்லை. பனி மட்டும். முருகையா வெள்ளை வேட்டியில், சூடத் தட்டோடு முன் ஆசனத்தில் ஏறினார். கமிட்டி ஆட்கள் ஏறினார்கள். அவர்களின் மச்சான்மார் ஏறினார்கள். ஜெயகுமார் ஏறினான். காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்த வேலாயி, மலைக்குப் போகிற வழிதானே என்று ஏறினாள். பெரியாயி அவளுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். பிள்ளைகளைவிடப் பாரம் கூட. ஷிபான் பின் கதவைச் சாத்திவிட்டு, மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார்.

ஏற்றம் தொடங்கியது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினாள். இதுதான் முந்தி இழுபறிப்படும் இடம். கால் அழுத்த, சீழ்க்கை எழுந்தது, வேன் முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவது போல் முன்னால் போனது. தேயிலைச் செடிகள் பக்கத்தில் பின்வாங்கின. போன தடவை நின்ற இடம் வந்தது. முருகையா தட்டை இறுக்கிப் பிடித்தார். அந்த இடம் போய்விட்டது. வளைவு வந்தது. கீழ்ப்பாதை புல்லுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு சின்னக் குடை, யாரோ ஒருத்தியின் தலை, தெரிந்து மறைந்தது. துஷாந்தினி திரும்பிப் பார்க்கவில்லை. ரோடு சமன்பட்டது. இங்கேதான் அவள் சாவியைத் திருப்புவாள்.

திருப்பவில்லை. வேன் இஞ்சின் ஓட ஓடப் போய் முனிக்கு நேராக நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

"நிப்பாட்டு," என்றார் முருகையா.

"சூடம் ஏத்துங்க தலைவரே. அணைஞ்சதும் நிப்பாட்டுறேன்."

"முனி முன்னால நிப்பாட்டுன்னு சொல்றேன்."

"கத்தல. சும்மாதான் ஓடுது."

அவர் கை சாவியின் பக்கம் வந்தது. அவள் தடுக்கவில்லை. கைகள் இரண்டையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். கை அங்கேயே நின்றது. பின்னாலிருந்து வேலாயி, "தலைவரே, தனுஜாவுக்குப் பரீட்சை," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். முருகையா கையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கமிட்டியும் இறங்கியது. சூடத்தை ஏற்றி, சக்கரத்துக்கு முன்னால் காட்டினார்கள். காற்றில்லாததால் சூடம் நின்று எரிந்தது. வேன் உறுமாமல், மூச்சு விடுவது போல் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் இடிந்து விழவில்லை. ஜெயகுமார் ஒரு கண்ணை வேனிலும் ஒரு கண்ணை முனியிலுமாக வைத்துக் கும்பிட்டான். சூடம் அணைந்தது. துஷாந்தினி சாவியைத் திருப்பினாள். சத்தம் நின்றபோது தூரத்தில் பதுளைக்குப் போகும் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

முருகையா திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. நெற்றியில் திருநீறு. குரலில் ஒரு இளக்கம். ஜன்னலருகே நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் இந்தத் தடவை பெரியாயியைக் கூப்பிடாமல் அவளிடமே நேராகப் பேசினார்.

"ஏறிருச்சு. நான் சந்தோசமாத்தான் சொல்றேன் புள்ள. அன்னைக்கு என்னமோ ஒரு கொறை, அத விடு. இன்னைக்கு நீ சுத்தமா வந்த, முனி வழி விட்டுட்டாரு. இஞ்சின் ஓடினதக்கூடப் பொறுத்துக்கிட்டாரு. அதனால கமிட்டி சார்பா ஒண்ணு சொல்றேன். ஓட்டுறது நீதான். மாசத்துல அந்த மூணு நாளைக்கு மட்டும் காலையில சாவிய ஜெயகுமார் கையில குடுத்துரு. மத்த நாளெல்லாம் ஒன்னை எவனும் ஒண்ணும் கேக்கமாட்டான். அதுக்கு நான் பொறுப்பு."

கமிட்டி ஆட்கள் தலையாட்டினார்கள். நியாயமான பேச்சு என்று ஒருவர் சொன்னார். ஜெயகுமார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். பெரியாயி பின்னாலிருந்து குனிந்து, தோளைத் தொட்டு, "சரின்னு சொல்லிருடி. இதுக்கு மேல அவரு என்ன செய்வாரு," என்றாள்.

நல்ல மனதோடுதான் சொல்கிறார் என்று துஷாந்தினிக்குத் தெரிந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பெரியாயி, வேலாயி, காலியான ஆசனங்கள். மாதாமாதம் மூன்று நாள் காலையில் வாசலில் நின்று சாவியை நீட்டுவதை நினைத்தாள். லயம் முழுக்கப் பார்க்கும். பையன்கள் ஜன்னலால் பார்ப்பார்கள். அவளுக்குப் பின்னால் தனுஜாவும் மற்றப் பிள்ளைகளும் வளைவில் இறங்கி நடப்பார்கள்.

கதவைத் திறந்து இறங்கினாள். முனிக்கும் அவளுக்கும் இடையில் இரண்டு அடிதான் இருந்தது. ஷிபான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, பேச்சு தன்னுடையதல்ல என்று கொஞ்சம் தள்ளி நின்றார்.

"அன்னைக்குத்தான் தலைவரே நான் சுத்தமா இருந்தேன்," என்றாள். "இன்னைக்கு எனக்கு ரெண்டாம் நாள்."